பீச்சுலேர்ந்து வேளாங்கண்ணிக்கு ஒரு டிரெஸ் ரிகர்சல்

செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் புதுசா ஒரு ஆத்தரோட புக்கை வாங்கி வந்து படிக்கிற பார்ட்டியா நீங்க? பரவாயில்லை, அதுக்கு அரியர்னு ஒண்ணு இருக்கு. ஆனா இந்த வாரம் நாம பேசப்போற பரீட்சைக்கு அந்த டெக்னிக் செல்லாது. ஃபெயிலானா மறுபடி முழு ஃபீஸ் கட்டணும், இன்னொரு வருஷம் காத்திருக்கணும். போதாக்குறைக்கு உடம்பும் ஒத்துழைக்கணும்.

டிரையத்லான், மக்களே! நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் ஒரே நாள்ல, ஒண்ணு விட்டு ஒண்ணு. நடுவுல ஷூ மாட்டுற நேரம்கூட கணக்குல ஏறும். இதுல நீண்ட தூரம்னா ரெண்டு வகை. முழு அயர்ன்மேன்ல 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அதுல சரிபாதி 1.9, 90, 21.1. மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்குல 70.3 வர்றதால அதுக்குப் பேரே 70.3.

நம்ம பக்கத்துல இது முதல்ல வந்தது கொழும்புக்கு, 2018 பிப்ரவரியில. இந்தியாவுக்கு 2019 அக்டோபர் 20-ல, கோவா மிராமர் பீச்சுல. முதல் வருஷமே ஜெயிச்சது மணிப்பூரைச் சேர்ந்த பிஷ்வோர்ஜித் சைகோம், அஞ்சு மணி நேரத்துக்கும் குறைவா. நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது இன்னொரு கணக்கு: எட்டரை மணி நேரம். அதுக்குள்ள முடிச்சாத்தான் கழுத்துல மெடல். 2024-ல பெங்களூரு எம்.பி. தேஜஸ்வி சூர்யா கோவாவுல முடிச்ச நேரம் 8 மணி 27 நிமிடம் 32 விநாடி. கட்சியெல்லாம் ஓரமா வைங்க, அந்த நம்பரை மட்டும் பாருங்க. கையில மிச்சம் ரெண்டரை நிமிஷம். ஒரு பஞ்சர் டியூப்பைப் பாதி கழட்டுறதுக்குள்ள அது போயிடும்.

எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர் கோவாவுக்குத் தயாராகிட்டு இருக்கார். நான் அவரோட 'சப்போர்ட் டீம்'. அதாவது ஸ்கூட்டியில பின்னாடியே போய் தண்ணி கொடுக்குறவன். அந்த வேலையில ஒண்ணு புரிஞ்சுது. ஆறு மாசம் பயிற்சி பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அந்த ஒரு நாளை முழுசா நடிச்சுப் பார்க்குறவங்க ரொம்பக் கம்மி. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்குறோம், கல்யாணத்துக்கு முன்னாடி சமையல்காரரை வெச்சு சாம்பார் ருசி பார்க்குறோம், இதுக்கு மட்டும் நேரா மேடையா?

மேடையிலயே கத்துக்கிட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு முதல் அயர்ன்மேனே சாட்சி. 1978 பிப்ரவரி 18, ஹவாய். கிளம்பினது 15 பேர், முடிச்சது 12 பேர். அப்பல்லாம் தண்ணி ஸ்டால் கிடையாது, அவங்கவங்க சப்போர்ட் டீமை அவங்கவங்களே கூட்டிட்டு வரணும். ஓட்டத்துல முன்னாடி போய்க்கிட்டு இருந்த ஜான் டன்பாரோட டீம்ல தண்ணி தீர்ந்துபோச்சு. என்ன கொடுத்தாங்க தெரியுமா? பீர்! கோர்டன் ஹாலர் அவரைத் தாண்டிப் போய் 11 மணி 46 நிமிடத்துல ஜெயிச்சுட்டார். (காரைக்கால் பசங்க சிரிக்காதீங்க. நம்ம ஊர்ல தண்ணி பாட்டிலைவிட அது சீக்கிரம் கிடைக்கும்னு எனக்கும் தெரியும்.)

சரி, ரிகர்சல் எப்போ? பந்தயத்துக்கு மூணு, நாலு வாரம் முன்னாடி. அதுக்கு மேல தள்ளினா உடம்பு தேறி எழ நேரம் இருக்காது. இங்கேதான் நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல். கோவா பந்தயம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர்லதான் நடக்குது. டெல்டாவுல வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறதும் அக்டோபர் மூணாவது வாரத்தையொட்டித்தான். மழை பிடிச்ச பிறகு கடலும் கிடையாது, ரோடும் கிடையாது. அதனால செப்டம்பர் கடைசியிலேயே காலண்டர்ல ஒரு ஞாயித்துக்கிழமையைக் குறிச்சு வெச்சுடணும், மழைக்காக ஒரு ஞாயிறு ஸ்பேரா.

ரூட்டுக்கு நாம அலையவே வேண்டாம். காரைக்கால் பீச்சுல ஆரம்பிச்சு தெற்கே நிரவி, டி.ஆர்.பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. போய்த் திரும்பினா அறுபத்துச் சொச்சம். அப்புறம் வடக்கே கோட்டுச்சேரி, பூவம் வழியா தரங்கம்பாடி கோட்டையைத் தொட்டுட்டுத் திரும்பினா இன்னொரு முப்பது. ரெண்டும் சேர்ந்தா சுமாரா 90 வந்துடும். பாண்டிச்சேரியில கிளம்பி தமிழ்நாடு, மறுபடி பாண்டி, மறுபடி தமிழ்நாடுன்னு ஒரே காலையில நாலு தடவை பார்டர் தாண்டுற ரிகர்சல் வேற எந்த ஊர்ல கிடைக்கும் சொல்லுங்க!

முதல்ல நீச்சல். இதுல மட்டும் நான் சீரியஸா பேசுறேன், கோச்சுக்காதீங்க. அரசலாறு கடல்ல கலக்குற பக்கம் போகவே கூடாது, அங்கே ஆத்து இழுப்பும் கடல் இழுப்பும் சேர்ந்து வேலை செய்யும். அலை உடையுற இடத்தைத் தாண்டி தனியா ஒரு அடிகூட வேண்டாம். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கம் மீனவர் அண்ணன் யாராவது ஃபைபர் போட்டுல கூட வந்தா மட்டும் கடல். அவர் "இன்னிக்கு வேணாம் தம்பி"ன்னா வேணாம்தான், அப்பீல் கிடையாது. படகு கிடைக்கலைன்னா தூரத்தை நீச்சல்குளத்துல முடிச்சுக்கோங்க. ரிகர்சலுக்காக உயிரைப் பணயம் வைக்கிறவனுக்குப் பந்தயம் எதுக்கு?

கடல்ல இறங்கினா தெரியுற ஒரு விஷயம் இது. நமக்குக் கடல் கிழக்கே. காலையில உள்ளே போகும்போது சூரியன் நேரா கண்ணுல அடிக்கும், எதிர்ல மிதவை இருந்தாலும் தெரியாது. திரும்பி வரும்போது கலங்கரை விளக்கம் பளிச்சுனு தெரியும். கோவாவுல கடல் மேற்கே, அங்கே எல்லாம் தலைகீழ். உள்ளே போகும்போது சொகுசு, கரைக்குத் திரும்பும்போதுதான் கண் கூசும். அதனால கூலிங் கண்ணாடி மாதிரி கலர் போட்ட நீச்சல் கண்ணாடி வேணுமா, வெள்ளைக் கண்ணாடி போதுமாங்கிறதை இங்கேயே ரெண்டையும் போட்டுப் பார்த்து முடிவு பண்ணணும். எட்டுப் பத்து கை வீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி அடையாளம் பார்க்குற பழக்கமும் இங்கேயே வரணும். ஒரு நல்ல சேதி: நம்ம கடல் வெதுவெதுன்னு இருக்குறதால வெளிநாட்டுக்காரங்க போடுற ரப்பர் வெட்சூட் தேவையே இல்லை. அந்தக் காசு மிச்சம்.

அடுத்தது சைக்கிள். டெல்டா பசங்களுக்கு ஒரு மிதப்பு உண்டு, "நம்ம ரோடு தட்டையா இருக்கு, பறந்துடலாம்"னு. தட்டை ரோடுதான் ஆபத்து பாஸ்! மலை ரோட்டுல இறக்கம் வந்தா கால் ஓய்வெடுக்கும். நம்ம ரோட்டுல 90 கிலோமீட்டரும் மிதிச்சுக்கிட்டே இருக்கணும். கழுத்தும் உக்கார்ற இடமும் என்ன பாடுபடும்னு மூணு மணி நேரம் உக்காந்தாத்தான் தெரியும். கோவா ரூட்டுல ஏத்த இறக்கம் உண்டு. காரைக்கால்ல மேடுன்னா பாலம் மட்டும்தான். நமக்கு மலைக்குப் பதிலா இருக்குறது எதிர்க்காத்து. ஈ.சி.ஆர். வடக்கு தெற்கா ஓடுறதால, வாடை அடிச்சாலும் சோழகம் அடிச்சாலும் ஒரு பக்கம் போகும்போது மூஞ்சியிலதான் அடிக்கும்.

இப்போ கொஞ்சம் ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ். தட்டை ரோட்டுல சைக்கிள்காரனுக்குப் பெரிய எதிரி காத்துதான். அந்தத் தடையைச் சமாளிக்கத் தேவைப்படுற சக்தி வேகத்தோட மும்மடியில ஏறும், அதாவது வேகம், பெருக்கல் வேகம், பெருக்கல் வேகம். 25 கிலோமீட்டர் வேகத்துல 90 கிலோமீட்டர் போக 3 மணி 36 நிமிஷம். 30-ல போனா 3 மணி. லாபம் 36 நிமிஷம். அதுக்கு விலை? 1.2-ஐ மூணு தடவை பெருக்குங்க: 1.728. காத்தோட மல்லுக்கட்ட மட்டும் 73 சதவீதம் கூடுதல் சக்தி! அப்படி மூணு மணி நேரம் மிதிச்சவன் இறங்கி 21 கிலோமீட்டர் ஓடுவானா, நடப்பானா? சைக்கிள்ல சம்பாதிச்ச அரை மணியை ஓட்டத்துல ஒரு மணியா திருப்பிக் கொடுத்துட்டு வர்றதுதான் பெரும்பாலும் நடக்குது.

காத்து இருந்தா இன்னொரு ஏமாத்து வேலை நடக்கும். போகும்போது எதிர்க்காத்துல 20, வரும்போது பின்காத்துல 30, சராசரி 25-தானேன்னு நினைப்போம். கால்குலேட்டரைத் தட்டுங்க. 45 கிலோமீட்டர் 20-ல போனா 2 மணி 15 நிமிஷம், 30-ல திரும்பினா ஒன்றரை மணி, மொத்தம் 3:45. ஒன்பது நிமிஷம் காணோம்! அதைப் பிடிக்கணும்னு எதிர்க்காத்துல எழுந்து நின்னு மிதிச்சா கதை முடிஞ்சுது. அதனால ரிகர்சல்ல ஸ்பீடா மீட்டரைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க. ஒரு முழு வாக்கியம் திக்காம பேச முடியுதா? அதுதான் சைக்கிள் வேகம். எங்க சீனியரை நான் ஸ்கூட்டியில பக்கத்துல போய் "அண்ணே, நேத்து மேட்ச் பார்த்தீங்களா?"ன்னு கேட்பேன். நிதானமா ஸ்கோர் சொன்னா ஓகே. வெறும் "ம்"னு பதில் வந்தா வேகத்தைக் குறைக்கணும்னு அர்த்தம். ஹார்ட் ரேட் வாட்ச் இல்லாதவங்களுக்கு நானே போதும்.

இனி சாப்பாடு. மேட்டரே இதுலதான் இருக்கு. உடம்புல சர்க்கரைச் சத்தா சேர்த்து வெச்சிருக்குறது ஏறத்தாழ 2000 கலோரிதான். ஏழெட்டு மணி நேரத்துக்கு அது எந்த மூலைக்கு? வழியிலேயே சாப்பிட்டாகணும். கணக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, சர்க்கரை வகையறா. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து எடுத்துப் பழகின வயிறு 90 கிராம் வரைக்கும் தாங்கும். பழகாத வயிறு 60-க்கே வாந்தி எடுக்கும். கால் பழகுற மாதிரியே குடலும் பழகணுங்க, அதான் ரிகர்சல்.

வெளிநாட்டு ஜெல் பாக்கெட் விலையைப் பார்த்துட்டு நம்மாளு தேடிப் பிடிச்சது பானகம்! ராமநவமிக்குக் கொடுப்பாங்களே, அதேதான். வெல்லத்துல இருக்குறது பெரும்பாலும் சுக்ரோஸ். அது வயித்துக்குள்ள பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸா உடையும். முக்கால் லிட்டர் தண்ணிக்கு 60, 65 கிராம் வெல்லம், கால் ஸ்பூன் உப்பு, எலுமிச்சை. ஒரு மணி நேரச் சாப்பாடு ரெடி. ரிகர்சல்ல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, வெல்லத்துல இருக்குற மண்ணை நல்லா வடிகட்டலைன்னா பாட்டில் மூக்கு அடைச்சுக்கும். ரெண்டு, வெயில்ல ரெண்டு மணி நேரம் காய்ஞ்ச பானகம் மடப்பள்ளிப் பானகம் மாதிரி இருக்காது. அந்தச் சூட்டுல, அந்த ருசியில உங்களால குடிக்க முடியுதாங்கறதைத்தான் சோதிக்கணும். குமட்டினா வாழைப்பழம், பேரீச்சம்பழம்னு மாத்துங்க. கடலை மிட்டாய் எனக்கும் பிடிக்கும், ஆனா அதுல கொழுப்பு அதிகம், மெதுவாத்தான் செரிக்கும். நிறைய பேர் நம்புற ஓ.ஆர்.எஸ். கரைசல் உப்புக்கு நல்லது, ஆனா லிட்டருக்கு வெறும் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கு. தெம்புக்கு அது பத்தாது. சர்க்கரை வியாதி, கிட்னி பிரச்சினை இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இதுல எதையும் தொடாதீங்க.

காலை டிபனும் ரிகர்சல்தான். பந்தயம் ஏழு மணிவாக்குல ஆரம்பம்னா நாலு மணிக்குச் சாப்பிட்டாகணும். நாலு மணிக்கு இட்லி அவிச்சுக் கொடுக்க அம்மா ரெடி, ஆனா கோவா லாட்ஜுல யார் அவிப்பா? அதனால அங்கே கிடைக்கிற பிரெட், ஜாம், வாழைப்பழத்தை இங்கேயே சாப்பிட்டுப் பழகணும்னு சீனியர் முடிவு. அம்மாவுக்குக் கோபம், அது தனிக் கதை.

சாப்பாட்டுக் கணக்கு தப்பினா என்ன ஆகும்? 1982 பிப்ரவரி, ஹவாய். ஜூலி மாஸ்னு ஒரு காலேஜ் பொண்ணு. உடற்பயிற்சி சம்பந்தமான தன்னோட புராஜெக்ட்டுக்காக அயர்ன்மேன்ல இறங்கினவங்க. (புராஜெக்டை வெளியில காசு கொடுத்து வாங்குறவங்க கவனிக்கவும்!) பெண்கள்ல முதலிடத்துல வந்தவங்களுக்கு எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியுற தூரத்துல கால் மடங்கிடுச்சு. எழுந்து, விழுந்து, கடைசியில தவழ்ந்தே கோட்டைத் தொட்டாங்க. அதுக்குள்ள கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிட்டாங்க, 29 விநாடி வித்தியாசம். டி.வி.யில அதைப் பார்த்துத்தான் உலகத்துக்கே இந்தப் பந்தயம் தெரிஞ்சுது. "அவங்க புதுசு, அதான்"னு சொல்றீங்களா? 1995-ல பாலா நியூபி-ஃப்ரேசர், அப்பவே ஏழு தடவை ஹவாயில ஜெயிச்சவங்க, கடைசிக் கட்டத்துல தண்ணி ஸ்டாலையெல்லாம் நிக்காம தாண்டிப் போய், எல்லைக்குக் கொஞ்ச தூரத்துல ரோட்டுலயே சரிஞ்சு உக்காந்துட்டாங்க. கேரன் ஸ்மையர்ஸ் ஜெயிச்சாங்க. பாலா ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து நடந்து நாலாவதா முடிச்சாங்க.

அப்போ தண்ணியா குடிச்சுத் தள்ளிடலாமா? அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடின 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு இறங்கியிருந்துச்சு. ஓடி முடிச்சப்போ எடை கூடியிருந்தவங்களுக்குத்தான் அது அதிகமா இருந்துச்சு, அதாவது வேர்த்ததைவிட அதிகமா குடிச்சவங்க. அதே பந்தயத்துல ஒரு பெண்ணோட உயிரே இதனால போச்சு. அதனால ஊகம் வேண்டாம், எடை பாருங்க. கிளம்பும்போது 62 கிலோ, ஒரு மணி நேரம் கழிச்சு 61.2, நடுவுல குடிச்சது அரை லிட்டர். வேர்வை 1.3 லிட்டர். காரைக்கால் புழுக்கத்துல இதெல்லாம் சாதாரணம். மொத்தத்தையும் ஈடுகட்ட முயற்சி பண்ணாதீங்க, வயிறு அவ்வளவு வேகமா உறிஞ்சாது. தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா, எடை கூடாத அளவுக்கு. இதுக்காகத்தான் ஸ்கூட்டி முன்னாடி நான் வீட்டு வெயிட் மெஷினைத் தூக்கிட்டுப் போறது. நாகூர் டீக்கடையில இறக்கி வெச்சா, "எடைக்கு எவ்ளோ தம்பி?"ன்னு ரெண்டு பேர் சில்லறையை நீட்டிட்டாங்க!

சாமான் விஷயம் சுருக்கமா. அன்னிக்கு மாட்டப்போற எதுவும் புதுசா இருக்கக்கூடாது. ஷூ, சாக்ஸ், பனியன், ஜட்டி உட்பட. ஈர உடம்போட மூணு மணி நேரம் உக்காந்தா எங்கே உரசும்னு தெரிஞ்சுக்கிட்டு அங்கே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்க. மணல் காலோட சாக்ஸ் போட்டா பத்தாவது கிலோமீட்டர்ல கொப்புளம், அதனால கால் கழுவ ஒரு சின்ன பாட்டில். கடல் காத்துல செயின் ஒரே ராத்திரியில துருப்பிடிக்கும், எண்ணெய் மறக்காதீங்க. துறைமுக லாரி போற ரோடுங்கறதால ஹெல்மெட் இல்லாம பெடல்ல கால் வைக்காதீங்க. ரோட்டோரம் கருவேல முள் காத்துக்கிட்டு இருக்கு, பின் சக்கரத்து டியூப்பை நீங்களே மாத்த எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாருங்க. சீனியருக்கு முதல் தடவை இருபத்திரெண்டு நிமிஷம். இப்போ ஒன்பது. டி.ஆர்.பட்டினத்துல பஞ்சரானா பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடலாம்.

சைக்கிளை வெளியூர் கொண்டுபோறதும் ரிகர்சல்ல சேர்த்தி. பெட்டியில கட்டணும்னா பெடலைக் கழட்டணும். மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு வைவா கேள்வி: இடது பெடல் எந்தப் பக்கம் சுத்தினா கழலும்? அது ரிவர்ஸ் த்ரெட் பாஸ். தெரியாம முறுக்கினா இன்னும் இறுகி உக்காந்துக்கும்.

கடைசியா ஓட்டம். ரிகர்சல்ல 21 கிலோமீட்டரும் ஓட வேண்டாம், எட்டுப் பத்து போதும். முழுசா ஓடினா தேறி வரவே ரெண்டு வாரம் போயிடும். சைக்கிள்ல இருந்து இறங்கினதும் கால் ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்கும். முதல் மூணு கிலோமீட்டர் வேணும்னே மெதுவா ஓடணும். அந்த நேரத்துல வெயில் பதினோரு மணி வெயிலா இருக்கணும், ஏன்னா பந்தயத்துலயும் அதான் கிடைக்கும். நம்ம ஊர் அம்மையார் கயிலைக்குத் தலையாலேயே நடந்து போனாங்களாம். நமக்குத் திருநள்ளாறு ரோட்டுல காலால ஓடறதுக்கே தலை சுத்துது. தலை சுத்தல், குளிர் நடுக்கம், பேச்சு குழறல், இதுல எது வந்தாலும் அந்த இடத்துலயே நிறுத்தி நிழலுக்குப் போய் உடம்புல தண்ணி ஊத்தணும், கூட இருக்குறவங்க உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். அதுக்குத்தான் சப்போர்ட் ஆள் ஒருத்தர் கட்டாயம் வேணும்ங்கறது.

சீனியரோட அடுத்த ரிகர்சல் வர்ற ஞாயித்துக்கிழமை. இந்தத் தடவை பானகத்துல சுக்கு குறைக்கணும், பாட்டில் ஸ்டாண்டு ஸ்க்ரூவை டைட் பண்ணணும், வாஞ்சூர்லேர்ந்து நாகூர் வரைக்கும் எதிர்க்காத்துல வாயை மூடிக்கிட்டு நிதானமா மிதிக்கணும்னு மூணு வரி நோட்டுல எழுதி வெச்சிருக்கார். காலையில அந்தப் பக்கம் வர்றவங்க, சைக்கிள்காரர் ஒருத்தருக்குப் பின்னாடி வெயிட் மெஷினோட ஒரு ஸ்கூட்டி போறதைப் பார்த்தா ஹாரன் அடிங்க. எடை பார்க்கக் காசு வேணாம்.